வீட்டுக் கொல்லைப் பறவைகளும் இல்லறத்தாரின் அஹிம்சா விரதமும்

இக்காலாண்டிற்குரிய பாடத்தை ஒரு கடிதத்திலிருந்து தொடங்குகிறோம்.

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்த நம் சமூகக் குடும்பம் ஒன்று, உத்தியோக மாற்றத்தினால் மூன்றாண்டுகளாகக் கொடைக்கானலில் வாடகை வீட்டில் குடியிருந்து வருகிறது. அவ்வீட்டுச் சகோதரியார் நமக்கு எழுதிய நான்கு பக்கக் கடிதத்தின் சாரம் வருமாறு. கொல்லையில் இரண்டு பிளம்ஸ் மரங்களும் ஒரு பேரி மரமும் நிற்கின்றன. பழம் சிவக்கத் தொடங்கியதும் குருவிகள் கொத்திப் பாழாக்கி விடுகின்றன. தகரக் கூரையின் கீழுள்ள இடுக்கில் புறாக்கள் குடியேறி எச்சமிடுகின்றன. சமையற்கட்டுக் கழிவை வெளியே வைத்தால் காக்கைகள் இழுத்துப் பரப்புகின்றன. விடியற்காலையில் ஏதோ ஒரு பறவை சன்னற் கண்ணாடியை ஓயாமல் தட்டுகிறது. "பக்கத்து வீட்டார் எலிப்பசை அட்டையைக் கூரை இடுக்கில் வைக்கச் சொல்கிறார்கள். இன்னொருவர் மருந்து கலந்த அரிசியைப் பற்றிச் சொன்னார். காதால் கேட்கவே நடுங்கினோம். ஆனால் மாமியாருக்கு இரைப்பு நோய். புறா எச்சம் ஆகாது என்று மருத்துவர் கூறிவிட்டார். விரதம் பூண்ட நாங்கள் என்னதான் செய்வது?" என்று வினவியிருந்தார்.

இம்மட்டில் கடிதம் முடிந்திருந்தால் தபாலிலேயே விடை எழுதியிருப்போம். கடைசிப் பத்தியில் சகோதரியார் இன்னொன்றையும் கேட்டிருந்தார்: "நாள்தோறும் காலையில் முற்றத்தில் ஒரு படி கம்பு இறைக்கிறோம். புறா பெருகியதற்கு அதுவே காரணம் என்கிறார்கள். அதை நிறுத்தினால் அன்னபான நிரோதம் என்னும் அதிசாரம் எங்களைச் சேராதா?" இவ்வினா நம்மைச் சில நாட்கள் உறங்க விடவில்லை. நேரிற் கண்டாலன்றிக் கூறுவது தகாது என்று கருதி, மே மாதத்தில் மலையேறினோம். 2024-ஆம் ஆண்டு மே முதல் கொடைக்கானலுக்குச் செல்வோர் இ-பாஸ் பெற்றே செல்ல வேண்டியிருப்பதால், அதனையும் பெற்றுக்கொண்டு வத்தலக்குண்டு வழியாகச் சென்றோம்.

விரதம் கூறுவது

முதலில் சாத்திரத்தை நினைவூட்டிக் கொள்வோம். இல்லறத்தார்க்கு நேரக்கூடிய ஹிம்சையைப் பெரியோர் நான்காக வகுத்துள்ளனர். கொல்வேன் என்று கருதியே செய்வது சங்கற்ப ஹிம்சை. சமைத்தல், பெருக்குதல், வீடு கட்டுதல் போன்ற இல்லறச் செயல்களில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. தொழில் வழியே நேர்வது உத்யோக ஹிம்சை. தற்காப்பில் நேர்வது விரோத ஹிம்சை. பின்னைய மூன்றும் இல்லறத்தாரால் முற்றும் விலக்க இயலாதவை. ஆதலின் அவற்றை விழிப்புடன் குறைத்துக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். முதலாவதை அறவே விலக்குவதுதான் அணுவிரதம். பசை அட்டையும் மருந்து அரிசியும் எவ்வகையைச் சேர்ந்தவை என்பதை விளக்க வேண்டுவதில்லை. பறவை ஐம்பொறிகளும் மனமும் உடைய உயிர் என்பதையும் உடன் வைத்து எண்ணுக.

கருத்து என்பது எத்துணை வலியது என்பதற்கு நம் வீட்டுச் சிறுவர்களும் அறிந்த யசோதர காவியமே போதும். யசோதரன் பலியிட்டது உயிருள்ள கோழியை அன்று. மாவினால் செய்த கோழியை. அதற்கே அவனும் அவன் தாய் சந்திரமதியும் விலங்காகவும் பறவையாகவும் பிறவிதோறும் உழன்றனர். அவன் எடுத்த பிறவிகளுள் மயிலும் ஒன்று. மயிலைப் பற்றிப் பின்னரும் பேச இருக்கிறோம்.

அஹிம்சா விரதத்துக்கு நேரும் அதிசாரங்களாகத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் ஐந்தினைக் கூறுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். பறவையைப் பிடித்துக் கூண்டில் வைத்துக் "காப்பாற்றுகிறோம்" என்று சொல்வோர் முதலாவதை எண்ணிப் பார்க்க வேண்டும். சகோதரியாரின் வினா ஐந்தாவதைப் பற்றியது.

சட்டத்தையும் ஒரு சொல் கூறிவிடுகிறோம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடங்கும். நெடுங்காலம் அச்சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் தொல்லை உயிர்கள் என எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றோடு காக்கையும் இடம்பெற்றிருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தபோது அந்தத் தொல்லைப் பட்டியலே நீக்கப்பட்டது. பறவைகளுள் காக்கை ஒன்றுக்கே இருந்து வந்த அவப்பெயர் ஏட்டளவில் துடைக்கப்பட்டதில் நமக்கு மகிழ்ச்சியே.

வந்தது எந்தப் பறவை?

"குருவி கொத்துகிறது" என்று எழுதியிருந்தார்கள். எந்தக் குருவி என்று கேட்டோம். வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. இதுவே முதற் குறை என்பது நம் கருத்து. எறும்பின் பாதையைக் கண்டு கால் ஒதுக்கி வைக்கும் நாம், மூன்றாண்டுகள் கண்ணெதிரே வாழும் உயிரின் பெயரையும் அறியாமல் அதன்மீது வருத்தம் கொள்கிறோம்.

மறுநாள் விடியலில் பிளம்ஸ் மரத்துக்கு எதிரே நாற்காலியிட்டு இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தோம். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. மே மாதத்திலும் கம்பளி வேண்டியிருந்தது. முதலில் வந்தவை கருங்கொண்டையும், கன்னத்தில் சிவப்புப் புள்ளியும் உடைய இணை. மக்கள் கொண்டைக்குருவி என்பர். நூலோர் செம்மீசைச் சின்னான் என்பர். பழத்தில் இரண்டு கொத்து கொத்திவிட்டு அடுத்ததற்குத் தாவும் பழக்கம் அதற்கு உண்டு. ஒரு குருவி ஒரு பழத்தை உண்டு அமைந்தால் இத்துணை மனத்தாங்கல் எழாது. பின்னர் மைனாக்கள் இரண்டு வந்தன. கருங்குருவி ஒன்று தரையில் விழுந்த பழத்தைக் கிளறியது. விரலளவே உள்ள வெள்ளைக்கண்ணிகள் கூட்டமாக வந்து, முன்னவை திறந்து வைத்த பழங்களில் சாறு அருந்திச் சென்றன.

ஏழு மணியளவில் வேலியோரப் புதரிலிருந்து சிரிப்பது போன்ற கூச்சல் எழுந்தது. புருவத்தில் வெண்கோடும் சாம்பல் நிற மார்பும் கொண்ட சிரிப்பான்கள் நான்கைந்து வெளிப்பட்டன. பழனி மலையில் பறவைகளைச் சேகரித்த அமெரிக்கப் பாதிரியார் ஃபேர்பேங்க் என்பவரின் பெயரால் 1869-இல் பிளான்ஃபோர்டு என்னும் அறிஞர் இதனை நூலுலகுக்கு அறிமுகப்படுத்தினார். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ள மலைகளில் மட்டுமே இப்பறவை வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இல்லை. சோலைக்காடுகளின் ஓரத்தில் வாழும் இது, அருகிலுள்ள தோட்டங்களுக்கும் வரும். பசை அட்டையில் ஒட்டிக்கொள்ளும் "குருவி" இதுவாகவும் இருந்திருக்கலாம் என்று கூறியபோது சகோதரியார் முகம் வாடியது.

இக்குருவிகள் பழம் மட்டுமே தின்பவை என்று எண்ணுவதும் பிழை. சின்னான் தன் குஞ்சுகளுக்குப் புழுவும் பூச்சியும் ஊட்டி வளர்க்கிறது. பறவையை ஒழித்துப் பார்த்த நாடு ஒன்று உண்டு. சீனத்தில் 1958-இல் தொடங்கிய இயக்கத்தில் சிட்டுக்குருவி தானியத்தைத் தின்னும் பகை எனப்பட்டு, இலட்சக்கணக்கில் விரட்டிக் கொல்லப்பட்டது. பூச்சிகள் பெருகக் கண்டபின், 1960-இல் பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். இதற்கு நேர்மாறாக, மொரீசியஸ் தீவில் 1762-இல் வெட்டுக்கிளியை அடக்குவதற்காக நம் நாட்டு மைனாவைக் கொண்டுபோய் விட்டனர்.

பழமரம்

பறவையைக் கொல்லாமல் விலக்குவது தமிழர்க்குப் புதிதன்று. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கும் மகளிர் தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளால் ஒலியெழுப்பிக் கிளிகளை ஓட்டும் செய்தி வருகிறது. மலைநிலத்து மக்கள் பரணில் அமர்ந்து ஓட்டினர். கதிர் முற்றும் சில வாரங்கள் மட்டுமே காவல். அதன்பின் புனம் பறவைக்கே. ஒலியினால் வெருட்டுவதும் ஹிம்சைதானே என்று கேட்போர் உண்டு. வெருண்ட உயிர்க்குத் துன்பம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் உணவைக் காக்கும் அளவோடு, கொல்லும் கருத்தின்றி, காயமின்றி விலக்குவதை ஆரம்ப ஹிம்சையின் எல்லைக்குள் வைக்கலாம் என்பது நம் துணிபு. வெடி வைப்பது அவ்வாறன்று; கூட்டில் அமர்ந்திருக்கும் தாயும் அதனால் முட்டையை விட்டு ஓடும். கவட்டைவில்லைச் சிறுவர் கையில் கொடுப்பதோ பேசவே தகாதது.

வெருட்டும் பொருள்கள் எல்லாவற்றுக்கும் ஒரு குறை உண்டு. பொம்மையோ, மின்னும் நாடாவோ, பழைய குறுந்தகடோ, ஒரே இடத்தில் தொங்கினால் சில நாட்களில் பறவை பழகிவிடுகிறது. சகோதரியார் வீட்டில் தைப்பொங்கல் முதல் தொங்கிய நாடாவின் மீதே மைனா அமர்ந்திருக்கக் கண்டோம். பழம் நிறம் மாறும் நாளில் கட்டி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றி, பறித்து முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். ஆண்டு முழுதும் தொங்குவது மரத்துக்கு அணிகலன் மட்டுமே.

வலையைப் பற்றிச் சற்று விரித்துக் கூற வேண்டும். நல்லெண்ணத்தோடு வாங்கப்படும் பொருள்களுள் இதுவே மிகுதியாகக் கொல்கிறது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய நைலான் வலை பறவையின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பெரிய கண்ணுள்ள வலையைத் தளர்வாக மரத்தின்மேல் போர்த்தினால் குருவியின் தலையும் இறகும் நுழைந்து சிக்கும். இரவில் வௌவால் சிக்கும். தரையில் தவழும் நுனியில் பாம்பு சிக்கும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2021 செப்டம்பர் முதல் வீட்டுப் பழமரங்களுக்கு இடும் வலையின் கண், முழுதும் இழுத்து நிறுத்திய நிலையிலும் 5 மில்லிமீட்டருக்கு மேற்படக் கூடாது என்று விதித்துள்ளார்கள். சுண்டுவிரல் நுழையாத அளவு என்று கொள்க. வெள்ளை நிறமாயிருத்தல் நன்று. மூங்கிற் சட்டமிட்டு விறைப்பாகக் கட்டி, அடியை மரத்தோடு சேர்த்து மூடி, காலையும் மாலையும் சுற்றிப் பார்க்க வேண்டும். பார்க்க நேரமில்லாதவர் வலையிடாதிருப்பதே விரதத்துக்கு நல்லது. ஏதேனும் சிக்கிவிட்டால் இழுக்கக் கூடாது. துணியால் தலையை மூடி, வலையைக் கத்தரித்து விடுவிக்க வேண்டும். வலையின் விலையை அப்போது எண்ணலாகாது.

மரம் முழுவதையும் காக்க வேண்டும் என்னும் ஆசையைக் குறைத்துக்கொண்டால் வேலை எளிதாகிறது. பெருமாள்மலைப் பக்கம் தோட்டவேலை செய்து முதுமையடைந்த ஒருவரைக் கண்டோம். அவர் சொன்னது: "உச்சிக் கிளை குருவிக்கு விட்டுருவோம் அய்யா. அங்க ஏறிப் பறிக்கவும் ஆகாது. கீழ்க்கிளைக்கு மட்டும் பை கட்டுனாப் போதும்." மெல்லிய துணிப்பையோ தாள்பையோ கிளைக்குக் கட்டினால் ஓர் உயிர்க்கும் ஊறில்லை. அவர் கூறிய மற்றொன்று நமக்குப் புதிது. பிளம்ஸ் மரத்திலேயே கனிந்து சிவக்க வேண்டுவதில்லை. நிறம் மாறத் தொடங்கியதும் பறித்து, வைக்கோலிலோ தாளிலோ வைத்தால் வீட்டுக்குள்ளேயே பழுக்கும். பேரிக்காயைக் கெட்டியாயிருக்கும் போதே பறிப்பதுதான் முறை. ஒரு வாரம் முன்னதாகப் பறிப்பதாலேயே சண்டை பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது.

விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்க வேண்டும். அவையே பறவையைக் கொல்லைக்கு அழைக்கின்றன. ஆனால் அழுகிய பழத்தில் புழுக்கள் இருக்கும், தீயிலிடலாகாது. நிழலான குழியில் இட்டு இலைகளால் மூடிவிட வேண்டும். வேலியோரத்தில் தவிட்டுப்பழம் போன்ற மலைக்குரிய செடிகளை வளர்த்தால் குருவிகள் அங்கும் பிரியும் என்கிறார்கள். அதனால் வரும் குருவிகளின் எண்ணிக்கையும் கூடலாம் என்பதால் இதனை நாம் உறுதியாகப் பரிந்துரைக்கவில்லை. உண்ணிச்செடியை மட்டும் வேலியாக்க வேண்டா. அதன் பழத்தை உண்ணும் சின்னான்கள் விதையைச் சோலைக்குள்ளும் கொண்டு சேர்க்கின்றன.

கூரைப் புறாவும் முற்றத்துக் கம்பும்

ஏணி வைத்துக் கூரை இடுக்கைப் பார்த்தோம். பத்துப் பன்னிரண்டு சுள்ளிகளின் மேல் இரண்டு குஞ்சுகள், இன்னும் மஞ்சள் மயிர் உதிராமல். அதனைக் கண்டதும், அன்றே அடைத்துவிட வேண்டும் என்று ஆளோடு காத்திருந்த வீட்டுத் தலைவர் தாமாகவே ஏணியை மடக்கி வைத்தார்.

புறா பெரும்பாலும் இரண்டு முட்டையிடும். ஏறத்தாழ 18 நாட்கள் அடைகாக்கும். குஞ்சுகள் ஒரு மாத அளவு கூட்டில் இருக்கும். ஆக, முட்டை கண்டது முதல் ஏழு வாரம் பொறுக்க வேண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. முந்தைய குஞ்சுகள் முழுதும் பறக்கு முன்னரே தாய் அடுத்த முட்டையிட்டு விடுவதுண்டு. "குஞ்சு போகட்டும்" என்று அசட்டையாயிருந்தால் ஆண்டு முழுதும் போகாது. ஆகவே நாள்தோறும் பார்த்து வந்து, குஞ்சுகள் வெளியேறிய அன்றே, பகலில், உள்ளே உயிர் ஏதும் இல்லை என்று டார்ச் விளக்கால் சோதித்து, கம்பிவலையாலோ பலகையாலோ அடைக்க வேண்டும். புறா அமரும் விளிம்புகளில் பலகையைப் பாதிச் செங்கோண அளவுக்கோ அதற்கு மேலோ சாய்த்துப் பொருத்தினால் அங்கே நிற்க இயலாது. கூர்முட்கள் விற்கிறார்கள், வேண்டா.

எச்சத்தை உலர்ந்த நிலையில் பெருக்கலாகாது. அத்தூளை நாட்பட மூச்சில் இழுப்போர்க்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி உண்டாகிறது. கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சையும் புறா எச்சத்தில் வளர்வது. நீர் தெளித்து நனைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, கையுறையோடு வழித்தெடுக்க வேண்டும். இரைப்பு நோயுள்ள பெரியவர்கள் அப்போது அவ்விடத்தில் இருக்கக் கூடாது.

இனி, கம்பு. இவ்வினா கொடைக்கானல் முற்றத்தோடு நிற்பதன்று. மும்பையில் புறாக்களுக்குத் தானியமிடும் கபூதர்கானாக்கள் 51 இருப்பதாக அரசு கூறி, 2025 ஜூலையில் மாநகராட்சி அவற்றை மூடத் தலைப்பட்டது. பம்பாய் உயர்நீதிமன்றம் மக்கள் நலத்தை முன்னிறுத்தி உத்தரவுகள் பிறப்பித்தது. ஆகஸ்டில் தாதரில் தார்ப்பாய் கொண்டு மூடியதை நம் சமயத்தவர் உள்ளிட்ட பலர் திரண்டு அகற்றினர். ஆகஸ்ட் 11 அன்று உச்சநீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. தலைமுறைகளாக ஜீவதயை என்று செய்து வந்ததை ஒருநாள் குற்றம் என்றால் நெஞ்சு பதறுவது இயல்பு. அப்பெரியோர்களின் வருத்தத்தை நாம் எளிதாக எண்ணவில்லை. ஆயினும் மனிதரும் உயிர்தாமே. எச்சத்தூளால் மூச்சுத் திணறும் முதியவர்க்கு நேரும் ஊறு, தானியம் இறைத்தவர் கணக்கில் சேராது என்று நம்மால் கூற முடியவில்லை.

அன்னபான நிரோதம் என்பது, நம்மைச் சார்ந்து, நம் கட்டுக்குள் நின்று, வேறு போக்கற்ற உயிர்க்கு உணவையும் நீரையும் தடுப்பது. தொழுவத்துப் பசு, ஏர் மாடு, பணியாள் ஆகியோரைக் கருதியே அது கூறப்பட்டது என்று கொள்வதே பொருந்தும். வானில் திரியும் புறா நம் கட்டில் இல்லை. ஆகவே தானியத்தை நிறுத்துவது அவ்வதிசாரம் ஆகாது. இது ஒரு பக்கம். மறுபக்கமும் உண்டு. மூன்றாண்டுகள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இறைத்து, அதனை நம்பியே நாற்பது புறாக்கள் அங்கே பெருகும்படி செய்துவிட்டு, ஒரு காலையில் கதவடைத்தால், நாமே உண்டாக்கிய சார்பினை நாமே முறிப்பதாகும். அது சூத்திரத்தின் சொல்லுக்குள் அடங்காவிடினும் அதன் கருத்துக்கு அயலானதன்று.

நாம் கூறிய யோசனை இது: கூட்டில் குஞ்சு இருக்கும்வரை தொடங்க வேண்டா. பின்னர் ஒரு படியை முக்காலாக்கி, அரையாக்கி, காலாக்கி, நான்கு வாரத்தில் நிறுத்துக, நேரத்தையும் மாற்றுக. புறாக்கள் ஊரெங்கும் இரை தேடவல்லவை. மெல்லப் பிரிந்து போகும். தானம் செய்த மனம் வெறுமையடையாதிருக்க, கொல்லையின் கோடியில் ஆழமற்ற தட்டில் நீர் வைக்கலாம். நாள்தோறும் தேய்த்துக் கழுவி வைத்தால் நோய் பரவாது, கொசுவும் முட்டையிடாது. கம்புக்கு ஆகும் பணத்தைப் பறவைகளின் மருத்துவத்துக்கு அனுப்பலாம் என்றும் சொன்னோம். தில்லி சாந்தினி சௌக்கில் திகம்பர ஜைன லால் மந்திரை அடுத்துள்ள பறவை மருத்துவமனையை நம்மில் யாத்திரை சென்ற பலர் கண்டிருப்பீர்கள்.

காக்கை

மலையில் நாம் பெரும்பாலும் காண்பது அண்டங்காக்கை. சுற்றுலாப் பயணிகள் வீசும் மிச்சமும், மூடியற்ற தொட்டியும், வீட்டுக் கழிவும் அதனைப் பெருக்குகின்றன. அது தான் தின்பதோடு நிற்பதில்லை. மற்றப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தேடித் தின்னும். வாசற்கொடியில் கூடு கட்டிய சின்னான் ஈன்ற மூன்று குஞ்சுகளை ஒரே காலையில் காக்கை கொண்டுபோனதைச் சகோதரியாரே சொல்லி அழுதார். அதே வாசலில்தான் முதல்நாள் மிஞ்சிய சோறு கொட்டப்பட்டிருந்தது. காக்கைமேல் பழியில்லை, அதன் இயல்பு அது. கழிவை மூடியுள்ள வாளியில் வைத்து, மேலே ஒரு கல்லும் வைத்தால் ஒரு வாரத்தில் அவற்றின் வரவு குறையும். மீந்த சோறு என்பதே எழாதபடி அளந்து சமைப்பது அதனினும் மேல். காக்கையை அடித்துத் துரத்துவோர்க்கு ஒன்று: சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் முகமூடி அணிந்து நடத்திய ஆய்வில், தம்மைப் பிடித்தவரின் முகத்தை அந்நாட்டுக் காக்கைகள் ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருந்தன.

சன்னலைத் தட்டும் பறவை தன் நிழலையே எதிரி என்று கருதிப் பொருகிறது. கண்ணாடிக்கு வெளிப்புறம் துணியோ தாளோ இரண்டு வாரம் ஒட்டி வைத்தால் ஓய்ந்துவிடும். உட்புறத் திரைச்சீலையால் பயனில்லை.

மலையடிவார மயில்

திரும்பும்போது பழனி வழியே இறங்கினோம். ஐவர்மலையில் பாறைமேல் செதுக்கிய தீர்த்தங்கரர் திருவுருவங்களையும், வரகுண பாண்டியன் காலத்து, கி.பி. 870-ஐச் சேர்ந்த கல்வெட்டையும் தரிசித்தோம். இவ்வடிவாரத்தில் தொல்லை தருவது மயில். நிலக்கடலை, மக்காச்சோளம், தக்காளி நாற்று என ஒன்றையும் விடுவதில்லை என்று உழவர் குறைப்படுகின்றனர். அதே நிலத்தில்தான் பொதினி எனப்பட்ட பழனிப் பகுதியை ஆண்ட ஆவியர் கோமான் பேகன், மயிலுக்குக் குளிரும் என்று போர்வை அளித்தான். 1963 முதல் மயில் தேசியப் பறவை. அதனைக் கொல்வது கடுங்குற்றம். நம் முனிவர்கள் சிற்றுயிர்களை ஒதுக்கக் கையில் ஏந்தும் பீலி, மயில் தானே உதிர்த்தது. அந்த மயிலுக்கு நஞ்சு வைக்கும் அவலம் தமிழகத்தில் அவ்வப்போது நேர்கிறது. வட ஆர்க்காட்டுப் பக்கம் நிலமுள்ள நம்மவரும் இன்று இத்தொல்லையை அறிவர். பழைய சேலைகளை வரப்பைச் சுற்றி வேலியாகக் கட்டுவது, விதைத்து முளை எழும் இரண்டு மூன்று வாரங்கள் மட்டும் காவலிருப்பது ஆகிய இரண்டையும் உழவர்கள் கைக்கொள்கின்றனர். தக்காளிக்குச் சேலை போதவில்லை என்றும் ஒருவர் சொன்னார்.

ஆகஸ்டில் சகோதரியாரிடமிருந்து மறுகடிதம் வந்தது. குஞ்சுகள் ஜூன் மாதத்தில் பறந்தன; அன்று மாலைக்குள் இடுக்கை அடைத்தார்கள். கம்பு இப்போது இல்லை, நீர்த்தட்டு உள்ளது. கீழ்க்கிளைகளில் மூன்று கூடை பிளம்ஸ் கிடைத்தது. உச்சிக் கிளையை எண்ணவில்லையாம். தாய்ப் புறாக்கள் அடைத்த பலகையின்முன் நான்கு நாட்கள் வந்து அமர்ந்திருந்துவிட்டு, எதிர்வீட்டுக் கூரை இடுக்குக்குப் போய்விட்டன. "தொல்லையைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளியதாகாதா?" என்று கேட்டிருக்கிறார். அவ்வீட்டாரும் எலிப்பசையைப் பற்றியே பேசுகிறார்களாம். அங்கே முட்டை இருக்கிறதா என்று முதலில் பார்க்கும்படியும், இல்லையாயின் தம்மிடம் மிஞ்சிய கம்பிவலையை இன்றே கொடுத்து உதவும்படியும், இருந்தால் ஏழு வாரம் பொறுக்குமாறு அவர்களிடம் பேசிப் பார்க்கும்படியும் எழுதியிருக்கிறோம்.